மூடாத அலகு

ஆப்பிரிக்கச் சதுப்புகளில் செருப்பு வடிவ அலகுள்ள ஒரு பெரும்பறவை உண்டு. மடகாஸ்கரில், நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டித் தட்டிப் புழு தேடும் ஆய்-ஆய் உண்டு. விசித்திர உயிர்கள் என்று யார் படம் தொகுத்தாலும் இந்த இரண்டும் தவறாமல் வந்துவிடும். நாஞ்சில் நாட்டு வயல்பத்துகளில் நிற்கும் நத்தைகுத்தி நாரையை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

இதைப் பார்க்கக் கப்பலேற வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ்சில் சன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். சுசீந்திரம் குளம் வரும்போது, "எலே, அதுக்க வாயப் பாரு, மூடவே மாட்டேங்கு" என்று ஏதாவது ஒரு பையன் கத்துவான்.

பையன் சொல்வது சரிதான். மேல் அலகு ஏறக்குறைய நேராகப் போகிறது. கீழ் அலகு நடுவில் சற்றே தாழ்ந்து வளைந்து, நுனியில் மறுபடி ஏறி வந்து சேர்கிறது. அடியும் பொருந்தும், நுனியும் பொருந்தும்; இடையில் மட்டும் ஒரு சந்து. வெயில் எதிரே இருந்தால் அதன் வழியாக வானம் தெரியும். குஞ்சுக்கு இந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் விழுகிறது.

சந்து எதற்கு? பாக்குவெட்டிக்குள் பாக்கை வைப்பதுபோல் நத்தையை அதில் வைத்து நொறுக்குகிறது என்று எழுதினார் உயிரியலறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி. பாடம் செய்த பறவைகளையும் பழைய குறிப்புகளையும் வைத்து அவர் எட்டிய முடிவு அது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. சந்தே இல்லாத இளம்பறவையும் நத்தை தின்கிறதே! சந்து இருப்பதால் நுனிகள் ஓட்டின்மேல் இன்னும் சாய்வாக இறங்கி, கூடுதல் அழுத்தம் கொடுக்க முடிகிறது என்பது ஒரு விளக்கம்.

வேலை நடப்பது நுனியில். தொழி கலக்கிய வயலில் தலையைப் பாதி நீருக்குள் விட்டு, அலகை லேசாகத் திறந்தபடி படபடவென்று குத்திப் பார்க்கும். நத்தை தட்டுப்பட்டதும் கீழ்நுனி அதன் வாய்க்குள் நுழைந்து, உள்ளே இருப்பதை உருவிக்கொள்ளும். பெரும்பாலும் எல்லாம் தண்ணீருக்கடியில். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், கண்ணைக் கட்டிவிட்டாலும் இது நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று குறித்திருக்கிறார். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு நுட்பம் உண்டு: பல பறவைகளில் அந்தக் கீழ்நுனி வலப்பக்கமாகச் சற்று முறுக்கியிருக்கும். நம் வயல் நத்தையின் சுருளும் வலப்பக்கச் சுருள்தான்.

மற்றபடி இது பெரிய அழகன் இல்லை. புகை படிந்த சாம்பல் உடம்பு, கறுத்த சிறகு. இனப்பெருக்கக் காலத்தில் சாம்பல் வெளுத்து வெள்ளையாகும்போது அந்தக் கறுப்பில் ஊதாவும் பச்சையும் மினுங்கும்.

சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. கவிமணி பிறந்த தேரூரில் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நின்றால், பருவத்துக்கேற்ப வேறு முகங்களும் தட்டுப்படும். கரண்டிவாயன் தட்டையான அலகைத் திறந்து வைத்து, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும்; ஏதாவது தொட்டதும் டக்கென்று மூடும். பார்க்க வேடிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அலகு மூடிக்கொள்கிறதே!