சொல், இசை, குரல், ஊற்று: சுயாதீன இசைப்பாடலின் ஆக்குநர் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைச் சுட்டுகிறது. அவ்வேங்கடத்தைச் சூழ்ந்த நிலம் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அடங்குகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை இந்நிலத்தின் பெரும்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதும் பாட்டு அவ்வெல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. மார்கழியில் திருமலைக் கோயிலில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக இன்றும் திருப்பாவையே ஓதப்படுகிறது.

ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், திருத்தணி வழியே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணத்தை அடைகிறது. பழைய வடஆர்க்காட்டைச் சார்ந்த அவ்வூரிலிருந்து வந்தவர் பாடலாசிரியரும் சொல்லிசைக் கலைஞருமான அறிவு. அவர் பங்கேற்று 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடல் தமிழ்ச் சுயாதீன இசையில் உலகளாவிய கவனம் பெற்றது. அப்பாடல் எழுப்பிய ஆக்குநர் உரிமைச் சிக்கலைத் தமிழ் இசைப்பாட்டு மரபின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுயாதீன இசையும் பாடுவோர் கூற்றும்

திரைப்படத்தின் கதைச்சூழலுக்குக் கட்டுப்படாமல் கலைஞர் தம் பெயரில் வெளியிடும் பாடல்களையே இங்குச் சுயாதீன இசை என்கிறோம். மலேசியாவின் யோகி பி–நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006), ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' (2012) ஆகிய தொகுப்புகள் இதன் தொடக்கநிலைக்குச் சான்றுகள். 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் சொல்லிசையையும் சாதி எதிர்ப்பின் குரலாக்கியது. அக்குழுவில் பாடிய அறிவு, 2019இல் ஓஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குறள்' தொகுப்பை வெளியிட்டார். 'திரு' என்பதைத் 'தெரு' என மாற்றிய அத்தலைப்பே நூல் மரபுக்கும் வாய்மொழிக்கும் இடையிலான உறவு பற்றிய ஒரு விமரிசனம் எனலாம்.

திரைப்பாடலில் 'நான்' என்பது கதைமாந்தரின் கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று என அகப்பாடலைப் பகுப்பதுபோல அதனையும் பகுக்கலாம். சுயாதீனப் பாடலிலோ 'நான்' என்பதற்குப் பாடுபவரே பொறுப்பாகிறார். இது தம் பெயரிலேயே பேசும் புறப்பாடற் புலவரின் நிலையை ஒத்தது. எல்லாச் சுயாதீனப் பாடல்களும் இவ்வாறு அமைவதில்லை. 2024இல் வெளிவந்த சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' ஆகியவை மீண்டும் அகத்திற்கே திரும்பியவை. திரைப்பாடலின் காதற் கூற்றுக்கு அணுக்கமானவை. எனவே வெளியீட்டு முறையால் சுயாதீனமானவை, கூற்றாலும் சுயாதீனமானவை என இவ்வகையை இரண்டாகப் பிரித்து நோக்குதல் தகும். 'எஞ்சாய் எஞ்சாமி' இரண்டாம் வகையினது.

பாடலின் திறனும் குறையும்

இப்பாடலின் உட்கிடை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் மீண்ட நிலமற்ற குடிகளின் வரலாறு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அத்தகையோருள் ஒருவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையைத் தொடர்ந்து மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். காட்டைத் திருத்தியவருக்கு அந்நிலத்தில் உரிமை இல்லாமற் போயிற்று என்னும் முரணே பாடலின் பொருள்.

ஒப்பாரி, இறந்தவரை விளித்து, ஒப்புச் சொல்லிப் புலம்பும் வடிவம். இப்பாடல் அவ்விளியை வாங்கிக்கொண்டு அதன் திசையை மாற்றுகிறது. இறந்தோரை நோக்கிய புலம்பல், முன்னோர் தம் வழித்தோன்றல்களை நோக்கி விடுக்கும் அழைப்பாகிறது. 'எஞ்சாமி' என்னும் சொல்லே இதற்குத் திறவுகோல். 'சாமி' என்பது நிலவுடைமையாளரை உழுகுடி விளித்த சொல்; இறைவனை விளிக்கும் சொல்; பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. பணிவின் சொல்லை அன்பின் சொல்லாக மீட்டெடுப்பதில் கவிஞரின் ஆற்றல் புலனாகிறது. ஆங்கிலச் சொல்லோடு அது பெறும் ஒலியியைபு வெறும் விளையாட்டன்று. துய்க்கும் உரிமை யாருக்கு என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

குறையும் உண்டு. தீயின் குரலில் பறவையொலியை ஒத்து வரும் பல்லவியும் துள்ளும் தாளமும் கேட்போரை ஆடத் தூண்டுவன. துள்ளல் மேலோங்கும் இடங்களில் இழப்பின் துயர் செவிக்கு எட்டாமற் போகிறது. சாவு வீட்டின் பறையும் ஆடவைப்பதுதானே என்று விடை கூறலாம். எனினும் அங்கு ஆடுவோர் யாரை இழந்தோம் என்பதை அறிந்தே ஆடுகின்றனர். இப்பாடலுக்கு ஆடியவர் அனைவரும் அதை அறிந்திருந்தனர் எனக் கூற இயலாது.

உரிமைப் பூசல்

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் முகப்பில் தீ இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அப்பாடல் நிகழ்த்தப்பட்டது. அடுத்து அறிவு வெளியிட்ட அறிக்கையில், பாடலை ஆக்கியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்றார். கூட்டுழைப்பையும் அவர் மறுக்கவில்லை. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தம் விளக்கத்தில், மெட்டின் ஒரு பகுதியும் இசையமைப்பும் தம்முடையவை என்றும், இது மூவரின் கூட்டுப் படைப்பு என்றும் கூறினார். ஊர் மூத்தோரின் ஒப்பாரியிலிருந்து பெற்ற பகுதி பாடலில் உண்டு என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிப்பது திறனாய்வாளரின் வேலையன்று. ஆயினும் 'ஆக்குதல்' என்னும் ஒரு சொல்லை இருதரப்பும் வெவ்வேறு பொருளில் வழங்கியமை நம் கவனத்துக்குரியது. சொல்லிசையில் சொல்லின் அசைவே தாளமாகிறது. எழுதுபவரே ஒரு வகையில் இசையும் வகுக்கிறார். ஒலிப்பதிவு அரங்கிலோ மெட்டையும் ஒலிகளையும் அடுக்கித் தொகுப்பவரே இசை வகுத்தவராகிறார். இரண்டும் மெய்யான உழைப்பே. அவற்றைத் தனித்தனியே பெயரிட்டுக் காட்டும் வழக்கம் வலுவாக இல்லாததே பூசலுக்கு இடமளித்தது.

பரிபாடலும் திருமலைச் செப்பேடும்

இவ்வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பரிபாடலில் பல பாடல்களின் இறுதியில் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. திருமாலைப் பாடும் மூன்றாம் பாடலை இயற்றியவர் கடுவன் இளவெயினனார்; இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். பெட்டனாகனாரின் மெட்டு நமக்குக் கிட்டவில்லை. ஒலி மறைந்தும் அவர் பெயர் நிலைத்தது. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரையும் அவர்தம் தொடராலேயே செம்புலப்பெயனீரார் எனப் பெயரிட்டுப் போற்றினர் தொகுத்தோர்.

திருமலை மற்றொரு சான்றைத் தருகிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் அடைத்த அறையொன்றில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. அவற்றில் சொல் உண்டு, இராகப் பெயர் உண்டு, மெட்டு இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, 2025இல் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ணபிரசாத் முதலியோர் புதிதாக மெட்டமைத்ததாலேயே அவை இன்று பாடப்படுகின்றன. ஆயினும் கேட்போர் பலருக்கு அவை அன்னமையர் பாடல்கள் மட்டுமே. அங்குச் சொல்லுக்குரியவர் பெயர் நிலைத்து மெட்டுக்குரியவர் பெயர் பின்தங்கியது. 'எஞ்சாய் எஞ்சாமி' விவாதத்தில் சொல்லுக்குரியவரே தம் பெயருக்காக வாதாட நேர்ந்தது.

எனினும் பரிபாடற் குறிப்பும் முழுமையானதன்று. பாடலுக்கு ஊற்றான வழக்கு யாருடையது என்பதை அது கூறுவதில்லை. ஒப்பாரியில் மெட்டு பொதுச்சொத்து. சொல் அவ்வப்போது பாடும் பெண்ணினது. ஆகவே இன்றைய சுயாதீனப் பாடலுக்குச் சொல், இசை, குரல், ஊற்று என்னும் நான்கும் அடங்கிய குறிப்பு வேண்டும்.

நம் துறையின் நிலை

இவ்வளவைக் கூறிவிட்டு நம்மை நாம் நோக்காதிருத்தல் நேர்மையாகாது. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாடல் நூலின் நடுவில் இடம்பெற, அதைப் பாடியவர் பெயர் பின்னிணைப்பில் 'தகவலாளர்' பட்டியலில் அடங்கிவிடுகிறது. அட்டையில் தொகுப்பாசிரியரின் பெயர் நிற்கிறது. பாடியவள் தகவல் தந்தவள் அல்லள். அப்பாடலின் அவ்வடிவத்தை ஆக்கியவள். இதழின் முகப்பில் விடுபட்ட ஒரு பெயருக்காக வருந்தும் நாம், நம் பதிப்புகளின் முகப்பில் எத்தனை பெயர்களை விட்டோம் என எண்ணிப் பார்த்தல் கடன்.

சித்தூர், திருப்பதி எல்லைப்புறத்தில் இக்கடன் மிகுதி. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலத்தில், ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ எம்மொழிக்குரியது எனப் பிரிப்பதே அரிது. அத்தகைய பாடலுக்குப் பாடியவரின் பெயரும் ஊரும் குறிக்கப்படாவிடின் அது எளிதில் யாருக்கும் உரியதாகிவிடும். பாடியவருக்கு மட்டும் உரியதாகாது. குப்பம் திராவிடப் பல்கலைக்கழகமும் திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் அமைந்துள்ள இப்பகுதியிலிருந்தே இதற்கான முறைமை தொடங்குதல் பொருத்தமாகும்.

முடிவுரை

'எஞ்சாய் எஞ்சாமி' ஒப்பாரியின் விளியைத் திசைமாற்றி நிலமற்றோர் வரலாற்றைப் பாட்டாக்கிய சிறந்த படைப்பு. அதனை ஒட்டி எழுந்த பூசல் தனிமனிதரின் மனக்கசப்பு மட்டுமன்று. இசைப்பாட்டின் ஆக்குநரைப் பகுத்துக் குறிக்கும் பழைய ஒழுக்கத்தை நாம் கைவிட்டதன் விளைவுமாகும். சுயாதீனப் பாடல்களைப் பாடமாகவோ ஆய்வுப்பொருளாகவோ கொள்ளும் துறைகள் நால்வகைக் குறிப்பையும் பாடலின் அடியிலேயே அச்சிடுதல் வேண்டும்; நாட்டுப்புறத் தொகுப்புகளும் அவ்வாறே செய்தல் வேண்டும். பெட்டனாகனாருக்குக் கிடைத்த அந்த ஒரு வரி, ஒப்பாரி பாடும் பெண்ணுக்கும் உரியதே.