இந்தப் பாட்டை ஏன் இவ்வளவு மெதுவாகப் பாடுகிறோம்?

டிசம்பர் பிறந்தால் சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வரை கேரல் குழுக்கள் வீடு வீடாகக் கிளம்பிவிடும். அவர்கள் பாடுவதில் எல்லோருக்கும் தெரிந்தது ‘சைலன்ட் நைட்’. நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் ‘ஒப்பில்லா திரு இரா’. எளிய பாட்டு என்று பெயர் எடுத்தும், குரல்கள் உடைவது இதில்தான். குறை பாடுபவர்களிடம் இல்லை, இசைத்தட்டுகள் பழக்கிவிட்ட மந்த நடையில் இருக்கிறது என்பது என் வாதம். மெட்டைக் கவனியுங்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் தாலாட்டாகத் தொடங்கி, கடைசிக்கு முந்தைய அடியில் மேல் ஸ்தாயி மத்தியமத்தைத் தொட்டு, மேல் காந்தாரத்தில் நீண்டு நின்று, அடுத்த அடியிலேயே மத்திய ஸ்தாயி ஷட்ஜமத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி வீச்சு. மெதுவாகப் பாடினால் உச்சிக்குப் போகும்போது மூச்சு மிஞ்சாது. ஓடிவரும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை யார்க்கர் போடச் சொல்வது போலத்தான் இது.

பாட்டு பிறந்தபோது இந்தச் சிக்கல் இல்லை. ஆஸ்திரியப் பாதிரியார் யோசப் மோர் 1816-ல் எழுதி வைத்திருந்த கவிதையை, 1818 டிசம்பர் 24 அன்று ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் ஆர்கன் கலைஞர் பிரான்ஸ் க்ஸேவர் க்ரூபரிடம் கொடுத்தார். இரண்டு தனிக்குரல்கள், ஒரு பாடகர் குழு, ஒரு கிட்டார்: இதற்கேற்ற மெட்டு வேண்டும் என்றுதான் கேட்டார் என 1854-ல் க்ரூபரே எழுதி வைத்திருக்கிறார். (ஆர்கனை எலி கடித்துக் கெடுத்ததால்தான் கிட்டார் வந்தது என்ற கதை அதில் இல்லை, அது பின்னால் கட்டிய சரடு.) 1995-ல் வெளிப்பட்ட மோரின் கையெழுத்துப் பிரதி, மெட்டு க்ரூபருடையது என்பதை உறுதி செய்தது. அது ஆறெட்டு தாளத்தில், நம் திஸ்ர நடைபோல ஆடி அசைந்து செல்வது. தனிக்குரல்கள் பாட, ஒவ்வொரு சரணத்தின் இறுதி அடிகளையும் குழு திருப்பிப் பாடியது. மூச்சு வாங்க இடம் இருந்தது.

தாலாட்டு என்றால் மெதுவாகத்தானே பாட வேண்டும் என்று கேட்கலாம். தொட்டில் ஆடாமல் எந்தக் குழந்தை தூங்குகிறது? தாலாட்டின் அமைதி அந்த ஊசலில் இருக்கிறது. நடையை இழுத்தால் முதலில் தொலைவது அதுதான். அமெரிக்கப் பாடகர் பிங் க்ராஸ்பி 1935-ல் பதிவுசெய்த இசைத்தட்டுதானே இப்பாட்டை உலகுக்குக் கொண்டுபோனது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அந்தப் பதிவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மைக்கை நெருங்கி நின்று முணுமுணுக்கும் கலை அது. திறந்த தெருவில் இருபது பேர் சேர்ந்து செய்யக்கூடியதல்ல. தவிர, இசைத்தட்டு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1832-ல் லைப்சிக்கிலும் 1839-ல் நியூயார்க்கிலும் டிரோல் நாட்டுப் பாடகர் குடும்பங்கள் இதைப் பாடிக் கேட்கவைத்துவிட்டன.

ஆகவே இந்த வருடம் குழுத் தலைவர்கள் ஸ்ருதியை ஒரு கட்டை இறக்கி, கீபோர்டின் தானியங்கித் தாளத்தை நிறுத்திவிட்டு, கிட்டாரை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சரணத்தை இருவர் பாடட்டும். கடைசி அடிகளைக் குழுவும் வீட்டுக்காரர்களும் திருப்பிச் சொல்லட்டும்.