கடகமும் கலைக்கோட்பாடும்

யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கடகத்தை நாமனைவரும் அறிவோம். மண் சுமக்கவும், நெல் அள்ளவும், சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லவும் அது பயன்பட்டது. ஆயினும் கலை பற்றிப் பேசப் புகும்போது அதனை மறந்துவிடுகிறோம். சிற்பம் கலை, கடகம் கைப்பணி என்று ஒதுக்கிவிடுகிறோம். இப்பாகுபாடு எத்துணைப் பொருத்தமானது?

கடகம் உருவாகும் முறையை நோக்குவோம். ஓலையைக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்கின்றனர். பாய்போலத் தட்டையாகத் தொடங்கும் பின்னல் நான்கு மூலைகளில் மடிந்து மேலெழுகின்றது. அடி சதுரம்; வாய் வட்டம். பனைமட்டையில் உரித்த நார் விளிம்பை இறுக்குகின்றது. வரைபடமில்லை, அளவுகோலுமில்லை. சுமை தாங்கவேண்டும் என்ற தேவையே வடிவத்தை வகுத்தது. பயனையும் அழகையும் இங்கே பிரித்துக் காட்ட எவராலும் இயலாது.

பயன்படுபொருளையும் கலையாக நோக்கவேண்டும் என வலியுறுத்தியோருள் ஆனந்த குமாரசுவாமி தலையாயவர். 1908 இல் வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' கண்டிப் பிரதேசக் கைவினைகளை ஆராய்வது. யாழ்ப்பாணத்துக் கடகம் அதன் பொருளன்று. எனினும் அதன் நோக்கு கடகத்துக்கும் பொருந்துவதே. குடியேற்ற ஆட்சியும் யந்திரச் சரக்கும் கைவினைஞனை நிலைகுலைத்தன என்று அவர் காட்டியதை இன்றும் மறுக்கவியலாது.

ஆனால், அவருடன் நாம் முரண்படும் இடமும் உண்டு. நிலம் பெற்று, அதற்கீடாக அரசனுக்கும் கோவிலுக்கும் ஊழியஞ்செய்த கைவினைஞனின் வாழ்வில் அவர் இசைவையும் பாதுகாப்பையும் கண்டார். பிறப்பினாலேயே தொழிலை விதித்த சாதியமைப்பின் மீது அவ்விசைவு நின்றமையை அவர் குறையாகக் கொள்ளவில்லை. அந்நூல் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் அச்சானது. மொறிஸின் கைவினைப் பற்று அதில் நிறையவுண்டு. உழைப்பின் பயன் உழைப்பாளிக்கே உரியது என்ற மொறிஸின் சோசலிசமோ அங்கு வலுப்பெறவில்லை.

இக்குறை அந்நூலோடு முடிந்துவிடவில்லை. இன்று பிளாஸ்ரிக் வாளியும் கூடையும் கடகத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியபின் ஓலைத் தொழிலுக்குப் பயிற்சியும் விற்பனைவழியும் பிறந்தன, அது நன்றே. எனினும் ஓலைப்பொருள் இப்போது பெரும்பாலும் அன்பளிப்பாகவும் அலங்காரமாகவும் வாங்கப்படுகின்றது. அதனைப் பாரம்பரியம் என்று போற்றுவோர் பலர். இழைத்த பெண்ணின் பெயரைக் கேட்போர் சிலர். ஒருநாள் உழைப்புக்கு அவள் பெறுவது என்னவென்று கேட்போர் அவரினும் சிலர்.

கைப்பணியைக் கலையென ஏற்பது முதற்படி மட்டுமே. அழகை அளந்ததோடு விமர்சகனின் பணி முடியாது. விற்ற விலையில் எவ்வளவு இழைத்தவளின் கைக்குச் சேர்ந்தது என்றும் அவன் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு இடந்தராத அழகியல் எமக்கு உரியதன்று.