அரை மணி நேரத்து முகம்

எங்கள் களமருதூர்ப் பக்கத்தில் கூத்து நடக்கும் இரவுகளில், சிறு வயதில், எனக்குக் கூத்தைவிட வேஷம் கட்டும் கொட்டகையின் மேல்தான் ஆசை அதிகம். ஒரு சிறு கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயில் குழைத்த வண்ணத்தை நடிகரே தம் முகத்தில் தீட்டிக்கொள்வார். புருவத்துக்கு ஓர் இழுப்பு, மீசைக்கு இரண்டு. பகலெல்லாம் கரும்பு வெட்டிய மனிதர் மறைந்து, அங்கே துரியோதனன் உட்கார்ந்திருப்பான். அருகில் போய்ப் பார்த்தால் அந்தக் கோடுகள் முரடாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றிலாவது தயக்கம் இராது.

ஒரே அமர்வில் தீட்டி முடிக்கப்படும் உருவப்படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதரின் முகத்தை அரை மணியிலோ ஒரு மணியிலோ எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவந்துவிடுவது கலையா, கைவேகமா? இதை நான் ரசிகனாக மட்டும் கேட்கவில்லை. ஒரு படத்தைக் கெடுத்தவனாகவும் கேட்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

எண்ணெய் வண்ணம் இயல்பிலேயே அவசரத்துக்கு ஒத்துவராத பொருள். நீர் வண்ணம்போல் அது ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு காய்வதற்கே நாட்கள் பிடிக்கும். ஒரே அமர்வில் முடிக்க நினைப்பவர் ஈரத்தின் மேலேயே ஈரத்தைத் தீட்டியாக வேண்டும். வைத்த தீற்றலின் மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் தேய்த்தால் நிறங்கள் கலந்து சேறாகிவிடும். இக்காலத்தில் பலர் கரித்துண்டாலோ, சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்தாலோ அடியில் உருவத்தைக் கட்டிவிட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணத்துக்குப் போகிறார்கள். (காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெயின் மேல் அக்ரிலிக்கைப் பூசினால் நாளடைவில் உரிந்துவிடும்.) எந்த வழியில் போனாலும், விரைந்து தீட்டுகிறவர் திருத்தும் உரிமையை முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

அப்படி விட்டுக்கொடுத்தவர்களில் மூத்தவர் ஒருவர், 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் வாழ்ந்த ஃபிரான்ஸ் ஹால்ஸ். தோளில் ஆந்தையுடன் சிரிக்கும் ஒரு பெண்ணை அவர் வரைந்திருக்கிறார். நான் அச்சுப் பிரதியில் பார்த்ததுதான். கழுத்துத் துணி வெறும் வெள்ளைக் கீற்றுகள். புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் சிரிப்பு காதில் விழுகிறது.

அவருக்கு 200 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் வான்கோ. 1888 நவம்பரில், பிரான்ஸின் ஆர்ல் நகரில், காபி விடுதிக்காரரின் மனைவியான மதாம் ஜினூ அவருக்காக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கோகன் கரித்துண்டால் நிதானமாக ஒரு கோட்டுருவம் போட்டார். வான்கோவோ முரட்டுச் சணல் கித்தானில், ஒரு மணி நேரத்தில், ஒரு படத்தையே தீட்டிவிட்டதாகத் தம்பிக்கு எழுதினார். மஞ்சள் பின்னணி, கருத்த உடை, மேஜையின் மேல் கையுறையும் குடையும். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு அதே தோற்றத்தை வேறொரு கித்தானில் ஆற அமரத் தீட்டினார். குடைக்குப் பதிலாகப் புத்தகங்கள் வந்தன. அது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாவதை மட்டமென்று நான் சொல்லமாட்டேன். அதில் ஓர் அமைதி இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் எந்த நேரத்திலும் எழுந்து போய்விடுவார் என்ற பதற்றம் முதல் படத்தில்தான் இருக்கிறது. உயிருள்ள மனிதர் எவரிடமும் இருப்பது அந்தப் பதற்றம்தானே!

இதனால் வேகமே மேன்மை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பொருட்காட்சிகளில் ஐந்து நிமிஷத்தில் நம்மை வரைந்து கையில் கொடுப்பவர்கள் உண்டு. வரிசையில் நின்ற பத்துப் பேரின் படங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பத்தும் ஒரே முகத்தின் சாயலாக இருக்கும். கை தனக்குப் பழகிய முகத்தைப் போட்டுவிடுகிறது. கண் வேலை செய்யவே இல்லை. துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதரை மீண்டும் மீண்டும் வரைந்தும் ஒரு காந்தி இன்னொரு காந்தியின் நகலாகவில்லை. மசிக்கோட்டையும் அழிக்க முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஏன் இத்தகைய படங்கள் "அரைகுறை"யாகத் தோன்றுகின்றன? ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது முதல், வழவழப்பான மேனியும் எண்ணிவிடக்கூடிய நகைகளும் நம் சுவர்களுக்கு வந்துவிட்டன. காலண்டர்கள் அந்த ருசியையே தொடர்ந்து வளர்த்தன. தூரிகையின் தடம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று நம் கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

என் கண்ணும் அப்படித்தான் சொல்லிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓவிய நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தந்தையாரைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்தார். கரியில் நாலு கோடு, மேலே எண்ணெய் வண்ணம், அரை மணி நேரம். "என்னப்பா, அதுக்குள்ள ஆயிடுச்சா?" என்று அப்பா எழுந்துவிட்டார். கித்தானில் ஒரு பக்கத்துக் காது இல்லை. சட்டை வெறும் சாம்பல் வீச்சு. ஆனால் கரும்பாலையில் பணம் வராத நாட்களில் அவர் கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை அப்படியே இருந்தது.

"கொஞ்சம் முடிச்சுக் கொடுங்களேன்" என்று கேட்டவன் நான். நண்பர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு நாள் தங்கி முடித்துக் கொடுத்தார். காது வந்தது. சட்டைக்கு மடிப்பு வந்தது. முகத்துக்கு ஒரு மரியாதை வந்தது. அந்தப் பார்வை அடியில் போய்விட்டது. வான்கோ இரண்டாவது படத்துக்கு இரண்டாவது கித்தானை எடுத்தார். நான் முதல் கித்தானின் மேலேயே தீட்டச் சொன்னேன்.

நாவல் எழுதுகிறவன் நான். எத்தனை பாத்திரங்களை இப்படி முடித்து முடித்து மூடியிருக்கிறேனோ, தெரியவில்லை.

அப்பா இப்போது இல்லை. படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், "அச்சு அசலா இருக்காரே" என்கிறார்கள். சட்டைப் பித்தான்கள் நான்கும் தெளிவாகத் தெரிகின்றன.