ஐப்பசியில் தொடங்கும் அடைவு
உபதேசரத்தினமாலையும் இடைகழி இரவும்



உபதேசரத்தினமாலையில் மணவாளமாமுனிகள் ஆழ்வார்களை இரண்டு அடைவில் வைத்து அருளிச்செய்கிறார். 4-ஆம் பாசுரத்தில் உள்ளது திருவவதார அடைவு. பொய்கையார் முதலாகக் கலியன் ஈறாகப் பதின்மரும் அங்கே தோன்றிய முறையில் நிற்கின்றனர். 6-ஆம் பாசுரம் தொடங்கி வருவது மாத அடைவு. ஐப்பசியில் முதலாழ்வார்கள் மூவர், கார்த்திகையில் கலியனும் பாணரும், மார்கழியில் தொண்டரடிப்பொடிகள், தையில் திருமழிசைப்பிரான், மாசியில் குலசேகரப்பெருமாள், வைகாசியில் நம்மாழ்வார், ஆனியில் பெரியாழ்வார். முதல் அடைவில் பத்தாமவராக நின்ற கலியன், இரண்டாம் அடைவில் முதலாழ்வார்களை அடுத்து வந்து நிற்கிறார்.

இம்மாற்றத்தைச் செய்யுள் வசதி என்று கொண்டு கடந்துபோவார் உண்டு. அது பொருந்தாது. அவதார அடைவை விடாமலே ஒவ்வோர் ஆழ்வார்க்கும் மாதமும் நாளும் சொல்லியிருக்கலாம். தேசிகனின் பிரபந்தசாரம் அவ்வாறே செல்கிறது. மாமுனிகளோ தாம் 4-ஆம் பாசுரத்தில் நிறுவிய முறையைத் தாமே விட்டு, மாதத்தின் வழியே நடக்கிறார். ஆண்டு சித்திரையில் பிறக்கும் நாட்டில் ஆழ்வார்களின் ஆண்டு ஐப்பசியில் பிறக்கிறது. மூத்தவர்கள் முதலாழ்வார்கள் ஆதலின் அவர்களுடைய மாதம் முதலாயிற்று என்பது உண்மையே. ஆயினும் அது தொடக்கத்துக்கு மட்டுமே காரணமாகும், தொடர்ச்சிக்கு ஆகாது. தொடர்ச்சிக்குக் காரணம் பருவத்தின் ஓட்டமே.

அந்தப் பருவம் யாது என்பதில் இரண்டு கணக்குகள் எதிர்ப்படுகின்றன. வடமொழி வழக்கில் ஆச்வினமும் கார்த்திகமும் சரத்ருது. மேகம் கலைந்து, நீர் தெளிந்து, நிலவு விளங்கும் காலம் அது. தமிழ் வழக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வாடைக்காற்றும் இடைவிடாத மழையும் உடைய காலம் இது. வடகீழ்ப் பருவமழை தொண்டைநாட்டுக் கடற்கரையில் பெய்வது இம்மாதங்களிலேதான். ஐப்பசியில் அடைமழை என்று உழவன் சொல்லும் சொல் இதற்குப் போதிய சான்று. கச்சியில் பொய்கை, கடல்மல்லையில் கடற்கரை, மயிலையில் கிணறு என மூவர் தோன்றிய இடங்களும் நீரை அடுத்தவை. திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்த மூன்று நாள்கள். மூன்றும் மழை நாள்கள்.

குருபரம்பரை சொல்லும் திருக்கோவலூர் வரலாறு இந்தக் கூதிரில் நிகழ்வது. இருளும் மழையுமான இரவில் ஒருவர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். இரண்டாமவர் வரவே இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வரவே மூவரும் நின்றனர். நான்காவதாக ஒருவர் நெருக்கினார். நெருக்கியவர் யாரென்று காணவே விளக்குகள் ஏற்றப்பட்டன.

இவ்வரலாற்றை ஆராய்ச்சி நோக்குடையோர் சிலர் பிற்காலப் புனைவு என்று ஒதுக்குகின்றனர். மூன்று அந்தாதிகளிலும் மூவர் சந்திப்பு சொல்லப்படவில்லை. மழை இரவும் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தின் முதற்பகுதி சரியே. மூவரில் எவரும் மற்றவர் பெயரைக் குறிக்கவில்லை. இதை மறுப்பது மரபுக்குப் பெருமை சேர்க்காது. ஆனால் இரண்டாம் பகுதியை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள இயலாது.

முதல் திருவந்தாதி 86-ஆம் பாசுரம் கோவல் இடைகழியைப் பெயர் சொல்லிப் பாடுவது. வாயிலுக்கு வெளியே போகாமலும் உள்ளே புகாமலும் பெருமானும் திருமகளும் இடைகழியையே பற்றி நிற்கும் நிலையை ஆழ்வார் வியக்கிறார். அவ்விடத்தில் பெருமானை அவர் அழைக்கும் விளி கருதத்தக்கது. எத்தனையோ அவதாரங்கள் இருக்க, குன்றெடுத்துப் பாயும் நீரை மறைத்தவன் என்றே விளிக்கிறார். கோவர்த்தனத்தில் பெய்த கல்மழையைக் குறிக்க ‘பனி’ என்ற சொல்லை ஆள்கிறார். இடைகழியும், மழையினின்று காத்தலும், குளிரைச் சுட்டும் சொல்லும் ஒரே பாட்டில் கூடி வருகின்றன. இது சந்திப்புக்குச் சான்று ஆகாது. ஆனால் இடைகழி என்றவுடன் ஆழ்வார் திருவுள்ளத்தில் மழையும் ஒதுங்கிடமுமே எழுந்தன என்பதற்குச் சான்று ஆகும். குருபரம்பரையின் மழை இரவு வெறுமையிலிருந்து வந்ததன்று. பாசுரத்தின் உள்ளிருந்தே வந்தது.

இன்னும் ஒன்று உண்டு. பொய்கையார் அவ்விடத்தில் கண்டது இருவரை, பெருமானையும் பிராட்டியையும். மூன்றாம் திருவந்தாதியின் தொடக்கத்தில் பேயாழ்வார் காட்சியில் முதலில் வருவதும் திருவே. அதன்பின்னரே திருமேனியும், கதிரவனை ஒத்த நிறமும், ஆழியும், சங்கும் வருகின்றன. பொய்கையார் வையத்தை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் வைத்தார். பூதத்தார் அன்பை அகலாக்கி உள்ளே ஞானவிளக்கு ஏற்றினார். பேயார் கண்ட திருமேனியில் அந்தக் கதிரவனே நிறமாய் வந்து நிற்கிறது. மூவரும் ஒருவர் மற்றவரைப் பெயரிடவில்லை என்பது மெய். மூவருடைய தொடக்கமும் ஒரே விளக்கின் ஒளியில் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் மெய். பூர்வர்கள் இதனைக் கண்டே மூவரையும் ஓரிரவில் ஓரிடத்தில் வைத்துக் காட்டினர்.

தமிழ் இலக்கண மரபு இங்கே ஓர் அரிய துணை செய்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சித்திணைக்கு உரிய பெரும்பொழுது கூதிர் என்றும், சிறுபொழுது யாமம் என்றும் வகுக்கிறது. அடுத்து வரும் முன்பனிக்கும் அதில் இடம் தருகிறது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ஐப்பசி மழையில் நள்ளிரவில் நிகழ்ந்த இடைகழிக் கூட்டம் பருவத்தாலும் பொழுதாலும் பொருளாலும் குறிஞ்சிக்கு முற்றும் இயைகிறது. நிகழ்ந்த ஊரோ பெண்ணையாற்றங்கரையில் மலையமான் ஆண்ட கோவலூர். குறிஞ்சி பாடுவதில் வல்லவர் எனப்பட்ட கபிலரோடு தொடர்புடைய ஊர். அகத்துறையில் இரவுக்குறிக்கு மழையும் இருளும் தலைவன் கடந்து வரவேண்டிய இடையூறுகள். இங்கே தலைவன் அவற்றைக் கடந்து வந்து, இடமில்லாத இடத்தில் தானே நெருக்கி நிற்கிறான். தேகளீசஸ்துதியில் தேசிகன் இந்நெருக்கத்தைக் கரும்பு ஆலையில் அகப்பட்டுச் சாறாதலுக்கு ஒப்பிட்டதும் இந்தச் சுவையை உணர்ந்தே. மழையை நீக்கிவிட்டால் ஒதுங்க வேண்டிய தேவை இல்லை. தேவை இல்லையேல் நெருக்கம் இல்லை. நெருக்கம் இல்லையேல் ஸௌலப்யம் வெளிப்படும் இடமும் இல்லை.

சரத்தும் கூதிரும் நேருக்கு நேர் நிற்கும் நாள் கைசிக ஏகாதசி. மேகம் விலகிற்று, சந்திரன் தெளிந்தது என்று சொல்லித் துயில்கொண்ட பெருமானை எழுப்புவது புராண மரபு. தென்னாட்டிலோ அந்நாளில் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். இம்முரணைக் கைசிக மாஹாத்மியமே தீர்த்துவைக்கிறது. வராஹபுராணத்தைச் சேர்ந்ததும், பராசரபட்டர் வ்யாக்யானம் பெற்றதுமான அவ்வரலாற்றில், திருக்குறுங்குடி நம்பியைப் பாடச் சென்ற பாணர் நம்பாடுவானை இருளில் பிரம்மராக்ஷஸன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்புவதாகச் சபதம் செய்து சென்ற நம்பாடுவான், சொன்னபடியே திரும்புகிறார். கைசிகப் பண்ணில் பாடியதன் பலனைக் கொடுத்து ராக்ஷஸனைக் கரையேற்றுகிறார். தெளிந்தது வானம் அன்று, ராக்ஷஸனுடைய பிறவி. சரத்காலத் தெளிவைப் புறத்தே காட்டாத நாட்டில், மரபு அதனை அகத்தே காட்டியது. ஸ்ரீரங்கத்தில் பட்டர் திருவம்சத்தார் கைசிகபுராணம் வாசிக்கும் அன்று நம்பெருமாளுக்கு வஸ்திரங்கள் பல சாத்தப்பெறுவது, குளிர் புகுந்துவிட்டதைக் கோயிலே அறிவிப்பதாகும்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது நாட்டார் வாய்மொழி. திருக்கார்த்திகைக்குப் பின் கோயில்களில் திவ்யப்ரபந்த ஒலியும் நிற்கிறது. அத்யயனோத்ஸவத்தில் மீண்டும் எழும்வரை அநத்யயன காலம். மழை ஓயும் எல்லையும் பாசுரம் ஓயும் எல்லையும் கார்த்திகையாகவே அமைந்தன. அந்த எல்லையில் நிற்பவர் கலியன். மாறன் மறைக்கு ஆறங்கம் கூற அவதரித்தவர் என்பது அவர் ஏற்றம். திருவாய்மொழிக்கு அத்யயனோத்ஸவ ஏற்றத்தைப் பெற்றுத் தந்தவரும் அவரே என்பது கோயில் மரபு. மாத அடைவில் அவர் இரண்டாமிடம் பெற்றதன் பொருத்தம் இங்கே விளங்கும். ஐப்பசி விளக்கேற்றும் காலம். கார்த்திகை அவ்விளக்கை மார்கழிக்கு ஒப்படைக்கும் காலம்.

ஆசார்யர்களின் திருநக்ஷத்திரங்களும் இப்பருவத்தில் செறிந்துள்ளன. ஐப்பசி மூலம் மாமுனிகள், பூராடம் சேனைமுதலியார், திருவோணம் பொய்கையாரோடு பிள்ளைலோகாசார்யர், கார்த்திகையில் கார்த்திகை கலியனோடு நம்பிள்ளை. பாடியவரும் பொருள் உரைத்தவரும் ஒரே நாளைப் பகிர்ந்துகொள்கின்றனர். இவற்றைப் பஞ்சாங்கக் குறிப்பாக மட்டும் வாசித்தால், மாமுனிகள் மாத அடைவைத் தேர்ந்த கருத்து கைநழுவிப்போகும்.

திவ்யப்ரபந்தம் ஓதப்படாத அந்நாள்களில் ஸந்நிதிகளில் ஓதப்படுவனவற்றுள் உபதேசரத்தினமாலையும் ஒன்று. மழை விட்டுப் பனி இறங்கும் பொழுதில், ஐப்பசி தொடங்கி அது ஆழ்வார்களின் ஆண்டை வரிசையாக நினைப்பூட்டுகிறது. இடைகழியில் இடம் போதாமல் நின்றவர்களே அதில் முதலில் வருகின்றனர்.