ஒப்பந்தம் கூறாத அரசியர்

கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் வீழ்ச்சியை ஆராய்வோர், பெரும்பாலும் மன்னனின் கொடுமையையும் பிரதானிகளின் சூழ்ச்சியையுமே நிறுத்துப் பார்ப்பர். தென்னாட்டு நாயக்கர் குடியிற் பிறந்து அவனுக்கு மாலையிட்ட வேங்கட ரங்கம்மாளின் வாழ்வு அவ்வாராய்ச்சியில் இடம்பெறுவது அரிது. இஃது ஒரு குறையேயாம்.

1795இல் திருகோணமலைத் துறைமுகம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1803இல் இங்கிருந்தும் படை கண்டிமேற் சென்றது. அம்முயற்சி தோற்றது. எனினும், 1815 பெப்ரவரியில் மன்னனும் அரசியரும் சிறைப்பட்டனர். மார்ச் 2இல் எழுந்த கண்டி ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, மன்னனுக்கு இரத்தத்தாலோ மணத்தாலோ உறவான ஆடவரையே பகைவரெனக் கூறி, அனுமதியின்றி நாடு புகாது தடுக்கின்றது. பெண்டிர் குறித்து அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆயின், 1816 சனவரியில் மன்னனோடு கப்பலேறி வேலூர்க் கோட்டைக்குச் சென்றோருள் அரசியரும் இருந்தனர். மன்னன் 1832இல் அவ்வூரிலேயே மாண்டான்.

ஒப்பந்தம் பெயரிடாத தண்டனையை மணவுறவு அவர்க்கு அளித்தது. இதனைக் கற்பின் இலக்கணமெனப் புகழ்ந்து அமைவது எளிது. ஆயின், சிறைப்பட்டவர்க்குத் தெரிவு ஏது? விரும்பி ஏற்றதைப் புகழலாம். விதிக்கப்பட்டதைப் புகழின், விதித்தவர் பொறுப்பு மறைந்துபோம். வரலாறு கற்போர் ஆவணம் சொன்னதோடு சொல்லாததையும் கற்றல் வேண்டும்.