அக்காளின் கோபம்

தியாகம் செய்கிற பெண்ணின் கதைக்கு நம்மிடையே எப்போதும் ஒரு வரவேற்பு உண்டு. அதிலே அழுவதற்கு இடமிருக்கிறது; அழுது முடித்த பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற சௌகரியமும் இருக்கிறது. 1974-ல் கே. பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யும் அந்த ரகந்தான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னே வந்த அந்தப் படத்தைச் சிதம்பரத்தில் என் தமக்கையின் வீட்டில், அவளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் எண்ணம் பிசகு என்று தெரிந்தது.

சுஜாதா நடித்த கவிதாவின் சம்பளத்தில் ஒரு வீடே நடக்கிறது. தகப்பன் சந்நியாசியாகப் போய்விட்டான். அண்ணன் குடிக்கிறான், அவனுக்கு மனைவி, மக்கள் வேறு. ஒரு தங்கை விதவை. கண் தெரியாத ஒரு தம்பி. கவிதாவுக்காகக் காத்திருந்தவனின் மனம் அந்த விதவைத் தங்கையிடம் சாய்ந்துவிட, கவிதாவே அவர்களுக்கு மணம் முடித்து வைக்கிறாள். ரித்விக் கட்டக் 1960-ல் வங்காளியில் எடுத்த 'மேகே டாக்கா தாரா'விலும் அக்காளை விரும்பியவன் தங்கைக்குக் கணவனாகிறான். ஆனால் அந்த நீதா பெரும்பாலும் வாய் திறவாமலே தேய்ந்து போகிறாள். நம் கவிதாவோ சீறுகிறாள்; சொல்லிக் காட்டுகிறாள்; சமயத்தில் பார்க்கிற நமக்கே அவளைப் பிடிக்காமல் போகிறது. இந்தப் பிடிக்காமையைத் துணிந்து காட்டியதுதான் படத்தின் பெருமை என்பேன்.

என் அக்காளும் சீறுவாள். அப்பா போன பிறகு அவள்தான் சம்பாதித்தாள். தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ். விடியற்காலையில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனவள் விளக்கு வைத்த பிறகே திரும்புவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் வீடு அடங்கிவிடும். அவளைச் 'சிடுமூஞ்சி' என்று நாங்கள் சொல்லிச் சிரித்ததுண்டு. அவள் பணத்தில் வாங்கிய காகிதத்தில்தான் நான் கதை எழுதப் பழகினேன். அவள் கல்யாணப் பேச்சு 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று நகர்ந்து நகர்ந்து, ஒரு வருஷம் யாரும் எடுக்காமலே நின்றுவிட்டது.

ஆனாலும் இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அண்ணன் திருந்துகிறான், கவிதாவும் தனக்கென ஒரு வாழ்வுக்கு இசைகிறாள். உடனே அண்ணன் கொலையுண்டு போகிறான். அவள் வாழாமல் போனதற்கு இங்கே விதியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். விதி வந்து கெடுத்த வீடுகள் சொற்பம். 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல் கெடுத்த வீடுகளே அதிகம்.

ஜப்பானியரான ஹிரோகாசு கொரே-எடா 2015-ல் எடுத்த 'உமிமாச்சி டைரி'யிலும் வீட்டை விட்டுப் போன ஒரு தகப்பன் இருக்கிறான். அவன் சாவுக்குப் போன மூன்று சகோதரிகள், அவனுடைய இன்னொரு தாரத்தின் மகளைத் தங்களோடு வந்திருக்க அழைக்கிறார்கள். தகப்பனை மன்னிக்காத மூத்தவளே மனைவியுள்ள ஒருவரை விரும்பிக்கொண்டிருக்கிறாள். கொலையில்லை, கூக்குரலில்லை. வீட்டு மரத்துப் பழங்களைப் பறித்து ஊறப்போடுகிறார்கள். அதற்குள்ளேயே எல்லாக் குறையும் தெரிந்துவிடுகிறது. பாலசந்தருக்குக் கதாபாத்திரத்தின் மேலிருந்த நம்பிக்கை சம்பவங்களின் மேலும் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருந்தால், நமக்கும் அப்படியொரு படம் கிடைத்திருக்கும்.

படம் முடிந்ததும், "எவ்வளவு பெரிய தியாகி, இல்லையா அக்கா?" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தியாகின்னு ஒரு பேரு வச்சிட்டா, உங்களுக்கெல்லாம் கணக்குத் தீர்ந்துடும் இல்லடா?"

பிறகு காப்பி போட எழுந்து போனாள். நான் கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், வெள்ளாற்றுப் பாலம் வருகிறவரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். பாலமும் தாண்டிப் போயிற்று.